ஆயத்த மென்பொருள்: வளைவது யார்?

2018 ஜூலையில் ஜெர்மனியின் சில்லறை வணிக நிறுவனமான லிடில், ஏழு ஆண்டுகளாக நடத்திவந்த ஒரு கணினித் திட்டத்தை மூடியது. சரக்குக் கொள்முதல், கிடங்கு, கடை இருப்பு, விலை எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவர 2011-இல் தொடங்கப்பட்ட 'எல்விஸ்' திட்டம் அது. எஸ்.ஏ.பி. நிறுவனம் சில்லறை வணிகத்துக்கென்று விற்கும் மென்பொருளே அதற்கு அடித்தளம். செலவு ஏறத்தாழ 50 கோடி யூரோ என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. வாங்கியவர் அப்போது ஏறத்தாழ பத்தாயிரம் கடைகளை நடத்திவந்தவர். விற்றவர் வணிக மென்பொருளில் உலகின் முன்னணியில் இருப்பவர். இரு தலைமையகங்களும் ஒரே மாநிலத்தில், பாடன்-வூர்ட்டம்பெர்க்கில்தான் இருக்கின்றன. அனுபவக் குறைவு, தொலைவு, மொழி என்று எதையும் சாக்குச் சொல்ல வழியில்லை.

காரணமாகப் பேசப்பட்டவற்றில் முக்கியமானது, கேட்டால் அற்பமாகத் தோன்றும் ஒரு கணக்குப் பழக்கம். லிடில் தன் இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும். அந்த மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடும்படி அமைந்திருந்தது. 40 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்கும் பிஸ்கட் பாக்கெட் நூறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கில் இருப்பின் மதிப்பு 4,000 ரூபாய், இன்னொன்றில் 5,000 ரூபாய். இதோடு முடிந்தால் ஒரு பெருக்கலில் சரிசெய்துவிடலாம். பண்டிகைக்காக விலையை 45 ரூபாயாகக் குறைத்தால் என்ன ஆகும்? விற்பனை விலைக் கணக்கில் அந்த நிமிடமே இருப்பின் மதிப்பு 500 ரூபாய் இறங்கும். அந்த இறக்கத்துக்கு ஒரு பதிவு, ஒரு ஒப்புதல், ஓர் அறிக்கை வேண்டும். கொள்முதல் விலைக் கணக்கில் பாக்கெட் விற்கும்வரை எதுவுமே நடக்காது. உடைந்த சரக்கு, திருட்டு, கிளைக்குக் கிளை மாற்றம், மாத லாபம் என்று ஒவ்வொரு திரைக்கும் அடியில் இந்த வேறுபாடு ஓடிக்கொண்டிருக்கும். லிடில் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மென்பொருளை மாற்றச் சொன்னது. மாற்ற மாற்ற அது கனத்தது. கடைசியில் தன் பழைய, சொந்தமாக எழுதிய அமைப்புக்கே லிடில் திரும்பியது.

அந்த மென்பொருள் மோசமானது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அதே பொருளை வைத்து நிம்மதியாகக் கடை நடத்தும் நிறுவனங்கள் உலகெங்கும் இருக்கின்றன. லிடிலின் கணக்குமுறை பிழையென்றும் சொல்ல முடியாது. ஆயத்த மென்பொருளை மதிப்பிடுவது என்றால் பெரும்பாலான அலுவலகங்களில் என்ன நடக்கிறது? நான்கு பொருள்களின் வசதிப் பட்டியலை அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். அளக்கவேண்டிய தூரம் வேறு இடத்தில் இருக்கிறது. பொருளுக்குள் எழுதாமலே பொதிந்திருக்கும் அனுமானங்களுக்கும், வாங்குபவரின் அன்றாட நடைமுறைக்கும் இடையே உள்ள தூரம் அது. அதை அளந்த பிறகு, பணம் கட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு இடத்திலும் யார் வளைவது என்று முடிவுசெய்ய வேண்டும்: நிறுவனமா, மென்பொருளா? தேர்வு என்று சொல்லத்தக்கது இந்த முடிவுதான். மற்றதெல்லாம் அதற்கான தயாரிப்பு.

கடையில் வாங்குவது என்ற வழக்கம் பெரிய அமைப்புகளுக்குள் நுழைந்த கதையில் ஒரு தேதி முக்கியமானது. 1994 ஜூன் 29 அன்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி தன் துறைக்கு ஓர் ஆணைக் குறிப்பு அனுப்பினார். ராணுவத்துக்கென்று தனியாக வகுத்த தரக்குறியீடுகளை விட்டுவிட்டு, முடிந்தவரை சந்தையில் கிடைக்கும் பொருள்களையும் சந்தையின் தரங்களையும் பயன்படுத்துங்கள் என்பது அதன் சாரம். அதற்குள் தனியார் சந்தையின் கணினி வேகம் ராணுவத்தின் சொந்தத் தயாரிப்புகளைத் தாண்டிப் போயிருந்தது. ஒவ்வொன்றையும் புதிதாக எழுதவைக்கும் செலவு தாங்கமுடியாததாகியிருந்தது. முடிவில் நியாயம் இருந்தது. ஆனால் நாற்பதாண்டு காலம் எழுதிப் பழகிய துறைக்கு வாங்கிப் பழக்கமில்லை. எப்படி வாங்குவது என்ற ஆராய்ச்சி 1990-களின் பிற்பாதியில் சூடுபிடித்ததற்கு இந்தத் தவிப்பும் ஒரு காரணம்.

அந்த ஆராய்ச்சிகளில் இன்றும் எடுத்துப் படிக்கத்தக்கது, லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் நீல் மெய்டனும் கொர்னீலியஸ் என்கூபேயும் 1998-இல் எழுதியது. மென்பொருளைப் புதிதாக எழுதும்போது முதலில் தேவைகளை முழுக்க எழுதிமுடித்துவிட்டுப் பிறகு கட்டத் தொடங்குவார்கள். வாங்கும்போது இந்த வரிசை உதவாது என்றார்கள் அவர்கள். எல்லாத் தேவையையும் முன்கூட்டியே 600 வரியில் எழுதிவிட்டுச் சந்தைக்குப் போனால் அதற்குப் பொருந்தும் பொருள் ஒன்றுகூட இருக்காது. அதனால் முதலில் ஒருசில தேவைகள், அவற்றை வைத்து வேண்டாதவற்றைக் கழிப்பது, எஞ்சிய பொருள்களைத் தொட்டுப் பார்க்கும்போது புதிதாகத் தெரியவரும் தேவைகளைச் சேர்ப்பது, மறுபடி கழிப்பது. தேவையும் பொருளறிவும் மாறி மாறி வளரவேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் பின்னர் வகுத்த வழிமுறையும் இதே போக்கில், திட்டமிடல், அளவுகோல் அமைத்தல், தரவு திரட்டல், பகுத்தாய்தல் என்ற நான்கையும் சுற்றிச் சுற்றி வரச் சொல்கிறது.

நடைமுறையில் நடப்பதோ வேறு. அலுவலகம் ஒரு நீண்ட அட்டவணையைத் தயாரிக்கிறது. இடப்பக்கம் தேவை, வலப்பக்கம் நிறுவனத்தின் பதில். அந்த வலப்பக்கத்தில் மூன்றே பதில்கள்தான் வரும்: 'உள்ளது', 'சிறு மாற்றத்துடன் உள்ளது', 'அடுத்த பதிப்பில் வரும்'. இல்லை என்று எழுதினால் ஆட்டத்திலிருந்து விலகிவிடுவோம் என்று விற்பவருக்குத் தெரியும். 'சிறு மாற்றத்துடன்' என்ற இரண்டு சொற்களுக்குள்தான் பின்னாளில் கோடிகள் புதைகின்றன. அந்த மாற்றத்தை யார் எழுதுவார், எத்தனை நாள், என்ன விலை, பொருளின் அடுத்த பதிப்பு வரும்போது அந்த மாற்றம் தாக்குப்பிடிக்குமா, இல்லை மறுபடியும் பணம் கட்டி எழுதவேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை வாங்காமல் விட்ட அட்டவணையைக் கிழித்துப் போட்டாலும் நட்டமில்லை.

அட்டவணைக்கு அடுத்த கட்டம் மதிப்பெண். ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு எடை, ஒவ்வொரு பொருளுக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண், பெருக்கிக் கூட்டினால் வெற்றியாளர். எண்ணாக வருவதால் இதற்கு ஒரு நேர்மையான முகம் உண்டு. ஆனால் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வசதிகளுக்கு 50 விழுக்காடு, பயன்படுத்தும் எளிமைக்கு 25, விலைக்கு 20, நம் தரவை முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ளும் வழிக்கு 5 என்று எடை. முதல் பொருள் வசதியில் 9, எளிமையில் 8, விலையில் 8 வாங்குகிறது. தரவை வெளியே எடுக்க வழியே இல்லை, அதனால் அங்கே பூஜ்யம். மொத்தம் 8.1. இரண்டாவது பொருள் முதல் மூன்றிலும் 7, தரவில் 9. மொத்தம் 7.1. உள்ளே போன தரவு வெளியே வராத பொருள் ஒரு முழு மதிப்பெண் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது! ஓரிடத்துப் பூஜ்யத்தை இன்னோரிடத்து ஒன்பது மூடி மறைத்துவிடுகிறது. சில தகுதிகள் மதிப்பெண் பட்டியலுக்குள் வரவே கூடாதவை. அவை வாசலில் நிற்கவேண்டியவை. தேறாத பொருளை உள்ளே விடவே கூடாது.

எண்களைக் கூட்டும் முறையும் குற்றமற்றதல்ல. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது யிர்க்கி கொன்டியோ என்ற ஆய்வாளர், ஆயத்த மென்பொருள் தேர்வுக்கு ஒரு முறையை வகுத்து உண்மையான திட்டங்களில் சோதித்தார். 1996-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று, பகுத்தாயும் முறையை மாற்றினால் தேர்வின் முடிவே மாறக்கூடும் என்பது. நேரடியாகக் கூட்டுவது ஒரு வழி. இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடைகளைக் கண்டடையும் தாமஸ் சாட்டியின் முறை இன்னொரு வழி. மதிப்பெண் தாள் குழுவின் விவாதத்தைத் தொடங்கிவைக்கலாம். அதைக் காட்டி விவாதத்தை முடித்துவைப்பது ஆபத்து.

ஆகவே பொருளை ஓட்டிப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஓட்டிப் பார்ப்பது என்றால் விற்பவர் காட்டும் டெமோ அல்ல. டெமோவில் எப்போதும் ஐந்து வாடிக்கையாளர், பத்துப் பொருள், ஒரு நல்ல நாள். வாங்குபவர் தன் தரவையும், அதிலும் சிக்கலான தரவையும் கொண்டுபோக வேண்டும். வேலையைத் தினமும் செய்யும் எழுத்தரே திரைமுன் உட்கார வேண்டும். தமிழ்நாட்டு அலுவலகம் ஒன்று பணியாளர் மென்பொருள் வாங்குகிறது என்றால், தலைப்பெழுத்து முன்னால் வரும் பெயர்களை உள்ளே கொடுத்துப் பார்க்கலாம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் கட்டாயமாகக் கேட்கும் திரை, 'எஸ். மலர்விழி'யை என்ன செய்கிறது? இன்னொரு சோதனை இரண்டு நிமிட வேலை. மலர்விழி, மனோகரன் என்ற இரு பெயர்களையும் அகரவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். தமிழில் னகரம் கடைசி எழுத்து என்பதால் மலர்விழிதான் முதலில் வரவேண்டும். யூனிகோடில் னகரத்தின் எண் நகரத்துக்கு அடுத்தே அமர்ந்திருப்பதால், எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் மனோகரனை முன்னால் வைக்கும். 'தமிழ் வசதி உள்ளது' என்ற பதிலுக்குப் பின்னால் உண்மையில் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்பது இந்த ஒரு சோதனையிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

அளவும் அப்படித்தான். அமெரிக்காவின் பெரிய மருந்து மொத்த விற்பனை நிறுவனங்களில் ஒன்றான ஃபாக்ஸ்மேயர் 1993-இல் எஸ்.ஏ.பி.யின் ஆர்-3 மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. அப்போது அந்தப் பொருள் பெரும்பாலும் உற்பத்தி நிறுவனங்களில் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து மொத்த விற்பனையோ ஒவ்வொரு இரவும் கடைகடையாய்க் குவியும் சின்னச் சின்ன ஆர்டர்களின் வெள்ளம். பழைய மெயின்ஃபிரேம் ஓர் இரவில் 4,20,000 ஆர்டர்களைக் கையாண்டது, புதியதில் 10,000-தான் முடிந்தது என்று அக்காலச் செய்திகள் சொல்லின. கிடங்கில் தானியங்கி எந்திரங்களைப் புகுத்தும் வேலையும் அதே சமயத்தில் நடந்து சிக்கலாயிற்று. 1996 ஆகஸ்டில் நிறுவனம் திவாலானது. பின்னர் மென்பொருள் நிறுவனத்தின் மீதும் அதை நிறுவ உதவிய ஆலோசனை நிறுவனத்தின் மீதும் ஆளுக்கு 50 கோடி டாலர் கேட்டு வழக்கு தொடரப்பட்டது. இரண்டுமே பொறுப்பை மறுத்தன. சரக்கு நகர்வைக் காட்டும் திரை நன்றாகத்தான் இருந்திருக்கும். உச்சபட்ச இரவின் சுமையை ஏற்றிப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

ஓரிடத்தில் நன்றாக ஓடிய பொருள் இன்னோரிடத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் போர்க்கப்பல் ஒன்றும் சாட்சி. 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன், வர்ஜீனியா கரைக்கு அப்பால் அசைவற்று நின்றது. ஆட்குறைப்புக்காக அதில் விண்டோஸ் என்.டி. ஓடும் சாதாரணக் கணினிகளை வலையமைப்பாகப் பொருத்தியிருந்தார்கள். யாரோ ஒரு கட்டத்தில் பூஜ்யத்தை உள்ளிட, தரவுத்தள நிரல் அதைக்கொண்டு வகுக்கப் போய்ச் செயலிழந்தது. அது வலையமைப்பு முழுக்கப் பரவி உந்துவிசையே நின்றது. சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். அலுவலக மேசையில் நிரல் ஒன்று விழுந்தால் மறுபடி திறந்துகொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பாகங்களைக் கப்பலின் எந்திர அறைக்குள் வைக்கும்போது, ஒரு பாகம் விழுந்தால் அடுத்தது என்ன ஆகும் என்ற சோதனை வாங்குபவரின் பொறுப்பாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்கும் நாளில் பொருள் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது. ஆனால் அது பத்தாண்டுகள் கூடவே இருக்கப்போகிறது. அதை மாற்றிக்கொண்டே இருக்கும் உரிமை விற்றவரிடம் இருக்கிறது. வி.எம்.வேர் மென்பொருளை நிரந்தர உரிமமாக வாங்கிவைத்திருந்த நிறுவனங்கள், 2023 நவம்பரில் பிராட்காம் அந்நிறுவனத்தை வாங்கியதும் நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, எல்லாம் சந்தா முறைக்கு மாறியதைக் கண்டன. பொருள் அதேதான், உரிமையாளர் மாறியதும் கணக்கு மாறிவிட்டது. விற்பவர் கைமாறினால் விலையேற்றத்துக்கு என்ன வரம்பு, உரிமம் என்னவாகும், விலகவேண்டுமென்றால் எத்தனை மாதம் தரவோடு விலகலாம் என்பதெல்லாம் பேரம் பேசத்தக்க காலம் ஒன்றே ஒன்று: கையெழுத்துக்கு முந்தைய காலம்.

பிறகு புதுப்பித்தல்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு சிறு கோப்பு உலகெங்கும் அனுப்பப்பட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நிரல் எதிர்பார்த்தது 20 உள்ளீடுகள். வந்த கோப்பு 21-ஆவதைப் பார்க்கச் சொன்னது. அந்த மென்பொருளை ஆண்டுக்கணக்கில் சோதித்து வாங்கிய நிறுவனத்துக்கும் அந்தக் கோப்பைச் சோதிக்க வழியில்லை. அது நேராக வந்து இறங்கியது. புதுப்பித்தல்களை முதலில் பத்துக் கணினிகளில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு விடும் வசதி உண்டா என்ற கேள்வி அதன்பிறகு எல்லோருடைய பட்டியலிலும் ஏறியது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற இலவச நிரல்தொகுப்பில் பெரும் ஓட்டை வெளிப்பட்டபோது நேர்ந்தது இன்னொரு வகை. தாங்கள் காசு கொடுத்து வாங்கிய எந்தெந்தப் பொருளுக்குள் அது ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் நிறுவனங்கள் நாள்கணக்கில் தேடின. உணவுப் பொட்டலத்தில் உட்பொருள்கள் எழுதியிருப்பதுபோல் மென்பொருளுக்கும் உட்கூறுப் பட்டியல் கேட்கும் வழக்கம் வலுப்பெற அதுவும் காரணமாயிற்று.

இந்திய வணிகர்களுக்குப் புதுப்பித்தல் சிக்கல் புதிதல்ல. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரே இரவில் பில் போடும் மென்பொருள் எல்லாம் வேறு கணக்குக்கு மாறவேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 3-இல் வரி விகித மாற்றம் அறிவிக்கப்பட்டு 22-ஆம் தேதியே நடைமுறைக்கு வந்தது. இடையில் மூன்று வாரம்கூட இல்லை. மதுரையிலோ ஈரோட்டிலோ மளிகை மொத்த வியாபாரம் செய்பவர் மென்பொருள் வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இதுதான்: சட்டம் மாறினால் புதுப்பித்தல் எத்தனை நாளில் வரும், அது ஆண்டு சந்தாவுக்குள் அடங்குமா, பழைய விகிதத்தில் போட்ட பில்லுக்குத் திருப்பு வந்தால் எந்த விகிதத்தில் கணக்குப் போடும்? ஆயத்தப் பொருளின் மிகப் பெரிய பலமே இங்கேதான் தெரிகிறது. பல்லாயிரம் பேருக்காக ஒரே நிறுவனம் அந்த மாற்றத்தைச் செய்துவிடும். சொந்தமாக எழுதவைத்தவர், எழுதிக் கொடுத்தவரைத் தேடி அலையவேண்டும்.

அரசு அலுவலகங்களுக்குச் சிக்கல் கூடுதல். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 போன்ற சட்டங்கள் ஊழலைத் தடுக்க வந்தவை, அவை அவசியம். இரண்டு உறை முறையில் தொழில்நுட்ப உறையை முதலில் திறப்பார்கள், தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிறகு திறப்பார்கள். அதன்பின் குறைந்த விலைதான் பேசும். ஆகவே தொழில்நுட்ப உறையின் நிபந்தனைகளை எழுதும் மேசையிலேயே தேர்வு பாதி முடிந்துவிடுகிறது. அங்கே 'ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி', 'தரச் சான்றிதழ் இன்னது' என்று மட்டும் எழுதினால் நிறுவனத்தைத்தான் சோதிக்கிறோம், பொருளைச் சோதிக்கவில்லை. நம் தரவை வைத்து, நம் ஊழியர்கள் முன்னால் இன்னின்ன பத்து வேலைகளைச் செய்துகாட்டித் தேறவேண்டும் என்ற ஒரு நிபந்தனை, பத்துப் பக்கத் தகுதி விதிகளைவிட அதிகம் சொல்லும். அதை வெளிப்படையாக, எல்லோருக்கும் ஒரே அளவுகோலாக எழுத முடியும்.

ஒழுங்காக மதிப்பிட்டால் 'வாங்கவேண்டாம்' என்ற விடையும் வரலாம். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை 1999-இல் அந்த விடைக்கு வந்தது. அதன் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது. சந்தையில் இருந்தவை விலையிலும் தொலைத்தொடர்புச் செலவிலும் சிறிய கிளைகளுக்குக் கட்டுப்படியாகாதவை. கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்திடம் எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரி தொடக்கத்தில் 'கோஹா' ஓடத் தொடங்கியது. நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் புத்தகம் எடுக்கும்போது திரையில் தெரிவது அந்தச் சிறு ஊர் நூலகத்தின் முடிவுதான்.

வளைவது யார் என்பதைத் தெளிவாக முடிவுசெய்துவிட்டு, நடுவழியில் அதை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி 1999 முதல் எஸ்.ஏ.பி. மென்பொருளைப் பயன்படுத்திவந்தது. அதை ஆரக்கிள் ஃபியூஷனுக்கு மாற்ற முடிவானபோது, பொருளை வந்தபடியே ஏற்று மாநகராட்சியின் நடைமுறைகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது என்றுதான் தீர்மானம். வேலை போகப்போக, பழைய பழக்கங்களைக் காப்பாற்ற மென்பொருளைத் திருத்தும் பக்கம் சாய்ந்தார்கள். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதியும் அப்படித் திருத்தப்பட்டவற்றில் ஒன்று. 2022 ஏப்ரலில் அமைப்பு ஓடத் தொடங்கியதும், வந்த பணம் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்றே தெரியாத நிலை. 1.9 கோடி பவுண்டு என்று தொடங்கிய மதிப்பீடு பத்துக் கோடியைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் மாநகராட்சி, புதிய செலவுகளை நிறுத்திவைக்கும் 114-ஆவது பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. ஆண்-பெண் சம ஊதிய நிலுவைதான் அதற்கு முதன்மைக் காரணம். தன் கையில் உள்ள பணத்தை நம்பத்தக்க கணக்காகக் காட்ட முடியாத நிலை அதைக் கூடுதலாக அழுத்தியது. அதன்பின் எடுத்த முடிவு, அதே பொருளைத் திருத்தமின்றி மறுபடி முதலிலிருந்து நிறுவுவது.

இந்த வகையில் மிக விரிவாக ஆவணப்பட்ட கதை கனடாவுடையது. 2009-இல் கனடிய மத்திய அரசு தன் நாற்பதாண்டுப் பழைய சம்பள அமைப்பை மாற்ற முடிவுசெய்தது. 101 துறைகள், ஏறத்தாழ 2,90,000 ஊழியர்கள். தேர்ந்தெடுத்தது பீப்பிள்சாஃப்ட் என்ற பெயர்பெற்ற ஆயத்தப் பொருள். நிறுவித்தரும் பணி ஐ.பி.எம்.முக்கு. புதிய அமைப்புக்கு 'ஃபீனிக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆண்டுக்கு சுமார் 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள்.

தூரம் எவ்வளவு என்பது எண்களிலேயே தெரிந்தது. 105 கூட்டு ஒப்பந்தங்கள். அவற்றிலிருந்து கிளைத்த 80,000-க்கும் மேற்பட்ட ஊதிய விதிகள். இரவுப் பணி, தற்காலிகப் பதவி உயர்வு, தொலைதூரப் பகுதிப் படி, சிறைக் காவலர், கடலோரக் காவல் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். பொருளை இதற்கு வளைக்க 200-க்கும் மேற்பட்ட தனி நிரல்கள் எழுதவேண்டியிருந்தது. இத்தனை எழுதிய பிறகு அதை ஆயத்தப் பொருள் என்று சொல்வதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது? விதிகளைக் குறைத்து எளிமையாக்கும் வழி ஒன்று இருந்தது. அதற்குத் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பேசவேண்டும். யாரும் அந்த வழியில் இறங்கவில்லை.

2012-இல் திட்டமிடல் முடிந்ததும், கட்டிமுடிக்க 27.4 கோடி டாலர் ஆகும் என்று ஐ.பி.எம். சொன்னது. 2009-இல் ஒப்புதல் பெற்றிருந்ததோ 15.5 கோடி. பொறுப்பிலிருந்த அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்கவில்லை. பணத்துக்குள் அடங்கும்படி வேலையைச் சுருக்கினார்கள். 984 சம்பளச் செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன அல்லது தள்ளிப்போடப்பட்டன. நீக்கியவற்றில் ஒன்று, முன்தேதியிட்ட நிலுவைச் சம்பளத்தைக் கணக்கிடும் வசதி. ஊதிய ஒப்பந்தங்கள் எப்போதுமே தாமதமாகக் கையெழுத்தாகி முன்தேதியிலிருந்து அமலாகும் ஓர் அரசில், இந்த வசதி இல்லாத சம்பள மென்பொருள் ஒன்றை ஓடவிட்டார்கள். ஒரு துறையில் முன்னோட்டமாக ஓட்டிப் பார்க்கும் திட்டமும் கைவிடப்பட்டது. இதற்கிடையே துறைகளில் இருந்த சுமார் 1,200 சம்பள ஆலோசகர் பணியிடங்களை எடுத்துவிட்டு, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி நகரில் 460 ஆலோசகர்களையும் 90 உதவியாளர்களையும் கொண்ட ஒரே மையத்தை அமைத்தார்கள். மென்பொருளால் முடியாததைக் கையால் சரிசெய்யத் தெரிந்தவர்கள், மென்பொருள் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

2016 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு அலைகளாக ஃபீனிக்ஸ் ஓடத் தொடங்கியது. சம்பளமே வராதவர்கள், பாதி வந்தவர்கள், கூடுதலாக வந்து பிறகு திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டவர்கள் என்று புகார்கள் குவிந்தன. 2017 ஜூன் வாக்கில் 1,50,000-க்கும் அதிகமான ஊழியர்களின் சம்பளத்தில் தீராத பிழைகள் இருந்தன. பிழைகளின் மதிப்பு 50 கோடி டாலரைத் தாண்டியது. 2018 மே மாதம் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்கூசன் வெளியிட்ட அறிக்கை, திட்ட மேலாண்மையும் மேற்பார்வையும் புரிந்துகொள்ளவே முடியாதபடி தோற்றுவிட்டன என்றது. அதிகாரிகளுக்குக் குறைகள் தெரிந்தே இருந்தன. பணத்துக்கும் தேதிக்கும் கொடுத்த மரியாதையை, சம்பளம் சரியாகப் போகிறதா என்பதற்குக் கொடுக்கவில்லை என்பது அதன் சாரம்.

கனடா அடுத்து வாங்கத் தொடங்கியபோது நடந்துகொண்ட விதம் வேறு. ஒரே பெரிய டெண்டருக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகக் கழித்தார்கள். இடையில் ஊழியர்களையே அழைத்து, போட்டியில் இருந்த பொருள்களைத் தொட்டு இயக்கிப் பார்க்கவைத்துக் கருத்துக் கேட்டார்கள். 2019-இல் செரிடியன், எஸ்.ஏ.பி., வொர்க்டே என்ற மூன்று நிறுவனங்கள் தகுதி பெற்றன. 2020-இல் கனடிய மரபுத் துறையில் எஸ்.ஏ.பி. பொருளை வைத்துச் சோதனை தொடங்கியது. 2021-இல் செரிடியனின் டேஃபோர்ஸ் சோதனைக்கு வந்தது. வெவ்வேறு விதமான துறைகளின் உண்மையான ஊதிய விதிகளை அதில் ஏற்றிப் பார்த்தார்கள். 2024-இல்தான் அது தேறும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கூடவே, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் யாரும் தொடாமல் விட்ட வேலையும், அதாவது அரசின் பணியாளர் நடைமுறைகளையும் ஊதிய விதிகளையும் எளிமையாக்கி ஒரே சீராக்கும் வேலையும், திட்டத்தின் பகுதியாகச் சேர்ந்திருக்கிறது. அது முடியும்வரை ஃபீனிக்ஸ்தான் அவர்களுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருக்கும்.